ஓடாத கார்

காலை எட்டுக்கு வந்து படுப்பார் ஷமீலின் வாப்பா.
இரவெல்லாம் கிடங்கு வாசலில் நின்ற கால்கள்
கட்டிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்.
பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூவர்,
அந்தப் பக்கம் பாலக்காட்டுக் குடும்பம்.
ஒரு கரண்டி விழுந்தால்
இரண்டு வீடு விழிக்கும்.

மூன்றரை வயதுக்குக் குரலை மடித்து வைக்கத் தெரியாது.
ஒன்பதுக்குள் பிள்ளையோடு நான் இறங்கிவிட வேண்டும்.
ரோலாப் பூங்காவின் சறுக்குமரம்
அக்டோபர் வரை தோசைக்கல்.
தேதி இருபத்து மூன்று.
பர்ஸில் ஏழு திர்ஹம்,
அதில் நாலு குப்பூஸுக்கும் தயிருக்கும்.

ஹைப்பர் மார்க்கெட்டில் குளிருக்குக் காசில்லை.

முதலில் மீன்.
ஐஸ் மேல் கிடக்கும் ஹமூருக்கு ஸலாம் சொல்வான்.
"ஏம்மா கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குது?"
"ராத்திரி வேலை. சத்தம் போடாதே."
அதற்குப் பிறகு மீன் பக்கம் வந்தாலே
நுனிக்காலில்தான் நடப்பான்.
மறுநாள் அது இருக்காது.
"வேலைக்குப் போயிட்டு" என்று
அவனே எனக்குச் சொல்வான்.

பிறகு டிவி வரிசை.
இருபத்திரண்டு திரையிலும் ஒரே திமிங்கிலம், ஊமையாக.
விலை பார்ப்பவள் போல நின்றுகொண்டு
திமிங்கிலத்துக்கு நான் குரல் கொடுப்பேன்.
முதல் நாள் ஓடிவந்தான் விற்பனைப் பையன்.
மூன்றாம் நாள் வரவில்லை.
நாலாம் நாள்
ஒரு ஸ்டூலைத் தள்ளி வைத்துவிட்டுப் போனான்.

பழம் நிறுக்கும் டில் பகதூர்
தராசில் ஓர் எலுமிச்சை வைத்து
வந்த சீட்டை இவன் சட்டையில் ஒட்டுவார்.
முப்பத்தைந்து ஃபில்ஸ்.
அந்த விலையோடு கடை முழுக்கச் சுற்றுவான் என் பிள்ளை,
பதக்கம் வாங்கியவன் மாதிரி.

கடைசியில், மருந்துக்கடை ஓரம், அந்தச் சிவப்புக் கார்.
ஒரு திர்ஹம் போட்டால் மூன்று நிமிடம் ஆடும்.
நான் போட்டதே இல்லை.
இடுப்பால் இடித்து நானே ஆட்டுவேன்.
இஞ்சின் என் வாய்.
கல்பாவுக்குப் போவோம், மலை ஏறும்போது மூச்சு வாங்குவோம்,
ஓமான் எல்லையில் பாஸ்போர்ட் கேட்பேன்,
உள்ளங்கையை நீட்டுவான்,
கட்டைவிரலால் முத்திரை குத்துவேன்.
பெட்ரோல் தீர்ந்தால் அவன் தண்ணீர்ப் புட்டி.

நேற்று, கல்பா தாண்டவில்லை நாங்கள்,
ஒரு மிஸ்ரி அம்மா தள்ளுவண்டியை நிறுத்திப்
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
நான் வேண்டாமென்று அரபியில் யோசிப்பதற்குள்
காசு விழுந்துவிட்டது.

விளக்கு எரிந்தது. வாத்தியம் அலறியது.
கார் தானாகத் துள்ளியது.

ஷமீல் வீறிட்டு என் கழுத்தில் ஏறினான்.
"உம்மா, வண்டி கெட்டுப்போச்சு!
வண்டி கெட்டுப்போச்சு!"

ஆளில்லாமல் ஆடியது மூன்று நிமிடமும்.
அந்த அம்மா என்னைப் பார்த்தாள்,
நான் அந்த அம்மாவைப் பார்த்தேன்,
"ஷுக்ரான்" என்றேன், வேறென்ன சொல்ல.
மனசு மட்டும் ஓரமாக நின்று
குப்பூஸ் எண்ணியது.

நின்றதும் இறங்கினான்.
காரின் மூக்கைத் தடவினான்,
காய்ச்சல் பார்ப்பது போல.
"சரியாயிட்டு" என்றான்.
ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்து,
"உம்மா, ஸ்டார்ட் பண்ணு."

வயிற்றில் பாதிப் பசியோடு
கல்பா வரை மறுபடி உறுமினேன்.

மாலை ஐந்துக்கு வாப்பா எழுந்ததும்
வீடு வாயைத் திறந்தது.
தோளில் ஏறி, முடியைப் பிடித்திழுத்து,
நாள் முழுக்க அடக்கிய கத்தலையெல்லாம்
அவர் காதில் கொட்டினான்.
சிரித்துக்கொண்டே யூனிஃபார்ம் மாட்டினார்.

அவர் லிஃப்டுக்குள் திரும்பி நிற்கையில்தான் பார்த்தேன்:
முதுகில், நீலத் துணி மேல்,
எலுமிச்சை, முப்பத்தைந்து ஃபில்ஸ்.

கூப்பிட வாயெடுத்தேன்.
கதவு மூடிக்கொண்டது.
இடுப்பிலிருந்து இவன் கையாட்டினான்
எண்கள் கீழே இறங்கி முடியும் வரை.