அழுத்திப் பார்த்தல்

கிருஷ்ணகிரி டோல்கேட்டில்
ஓசூர் பஸ் ஊர்ந்து ஊர்ந்து நிற்கிறது.
மடியிலிருந்த படிவத்தை மறுபடி பிரிக்கிறேன்.
பெயர்: தி. மாதேஸ்வரி. வயது: முப்பத்தாறு.
தற்போதைய தொழில் என்ற இடத்தில்
பேனா நகர மாட்டேன் என்கிறது.

வைகாசி, ஆனி, ஆடி என்றால் எழுதிவிடலாம்:
மாங்கூழ் கம்பெனியில் தரம் பிரிப்பவள்.
மீதி ஒன்பது மாதத்துக்கு
எனக்குப் பெயர் எதுவும் கிடையாது.

பெல்ட்டில் உருண்டு வரும் பெங்களூராவைக்
கண்ணால் பார்ப்பவர்கள் புதிதாய் வந்தவர்கள்.
நான் கட்டைவிரலால் பார்ப்பேன்.
தோல் பளபளக்கும், காம்பு பச்சையாய் இருக்கும்,
ஆனால் கொட்டையைச் சுற்றி அழுகல் தொடங்கியிருந்தால்
அழுத்திய சதை
ஒரு நொடி தாமதமாய் மேலே வரும்.
அவ்வளவுதான் வித்தியாசம்.
பருவத்துக்கு எத்தனை லட்சம் பழம் என்று
சூப்பர்வைசர் கணக்கு வைத்திருக்கலாம்.
விரல் வைத்திருக்கவில்லை.

அந்த விரல்தான் போன ஆடியில்
ராத்திரி ஷிப்டு முடிந்து வேனுக்கு நிற்கையில்
ஜபீனாவின் தோள்பட்டைக்குக் கீழே
ஒன்றைக் கண்டது.
கல் மாதிரி இல்லை. பிஞ்சு மாதிரி.
"இங்கயா?" என்றேன்.
அவள் வாயே திறக்கவில்லை.
வேன் வந்தது, போனது.
அடுத்த வேனில் போனோம்.

வீட்டில் சொன்னேன்.
திம்மராயன் சோறு பிசைவதை நிறுத்தாமல் கேட்டார்:
"மசாஜா?"
அந்த ஒரு சொல்லுக்குள்
சிவப்பு பல்பு எரிகிற அறை இருந்தது,
வெளியே போலீஸ் ஜீப் இருந்தது,
பேப்பரில் துப்பட்டாவால் முகம் மூடிய பெண்கள் இருந்தார்கள்.
"பொம்பளைங்களுக்கு மட்டும். பிரசவமானவங்க, முட்டிவலிக்காரங்க,
நாள் முழுக்கக் குனிஞ்சு செல்போன் பூட்டுற புள்ளைங்க."
கேட்காதது போல் சாப்பிட்டார்.
"ஒகேனக்கல்ல ஆம்பளைங்க பாறைமேல
எண்ணெய் தேய்ச்சுத்தான சம்பாதிக்கிறாங்க,
அவங்க வீட்டுல யாரும் சம்பந்தம் பண்ணலியா?"
மோர் கேட்டார்.

அவர் கேட்காததை நானே கேட்டுக்கொண்டேன்.
முன்பின் தெரியாதவள் பாதத்தைத் தொடுவேனா?
எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு
டம்ளரைத் தள்ளி வைத்தாளே ஒருத்தி,
அவள் வந்து குப்புறப் படுத்தால்?
அவள் முதுகிலும் இந்த விரல்
இதே பொறுமையோடு தேடுமா?
தெரியாது.
தெரியாது என்று எழுத
படிவத்தில் இடமில்லை.

இன்று பயிற்சி மையத்தில்
முதலில் என்னைத்தான் படுக்கச் சொன்னார்கள்.
முறையாம்.
சேலைப் பின்னை எங்கே வைப்பதென்று புரியாமல்
வாயில் கவ்வியபடி படுத்தேன்.
கல்யாணமாகிப் பதினேழு வருஷம்,
இரண்டு பிரசவம், ஓர் ஆபரேஷன்.
இந்த உடம்பைத் தொட்டதெல்லாம்
எதையாவது எடுக்க, இல்லை தைக்க.
அந்தப் பெண்ணின் உள்ளங்கை
இடுப்புக்கு மேலே வந்து சும்மா இருந்தது.
கொஞ்ச நேரம். சூடாக.

விழித்தபோது ரெக்சினில்
என் எச்சில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாய்.
பின்னைக் காணோம்.
மூன்று பேர் தரையில் குனிந்து தேடினோம்.

ஆறு மாதம், பதினெட்டாயிரம்.
தோட்டை வைத்தால் பன்னிரண்டு தேறும்.
மீதிக்கு ஜபீனா இந்த மாதச் சீட்டை எடுக்க வேண்டும்,
அவள் மாமியாருக்குத் தெரியாமல்.
மாம்பால் பட்டுப் பொரிந்த என் கையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அந்தப் பெண்.
"எண்ணெய் பட்டா ரெண்டு மாசத்துல போயிடும்க்கா.
நகம் மட்டும் வெட்டிட்டு வந்துடுங்க."

பஸ் கிளம்புகிறது.
தொழிலை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன்.
அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்?
ஜபீனா என்று எழுதி, நம்பர் போட்டேன்.
பிறகு வலது சுண்டுவிரல் நகத்தைப்
பல்லால் கடித்து
ஜன்னல் வழியே துப்பினேன்.

மீதி ஒன்பது இருக்கிறது.