புள்ளி நீங்கிய மெய்

ஓலோமோட்ஸ் நகரில் ஜனவரி.
நாலரைக்கே விளக்கேற்றிக்கொண்ட டிராம்கள்
மூடுபனிக்குள் நுழைந்து காணாமல் போகின்றன.
ஆய்வகத்தின் கடைசி அறையில்
போஹ்தானா விளக்கை அணைக்கிறாள்.
இருட்டில்தான் அவள் வேலை தொடங்கும்.

ஐந்து குப்பிகள். ஊதாக்கதிர் பட்டதும்
நீலம், பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு.
ஐந்திலும் ஒரே காட்மியம், ஒரே செலீனியம்.
பாகு காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும் இந்தக் கணக்கு:
இறக்க அரை நிமிடம் பிந்தினால் பதம் மாறும்.
இங்கே நிறம் மாறும்.
சின்னப் புள்ளி நீலம்,
கொஞ்சம் கொழுத்தால் சிவப்பு.
கொழுத்தது என்றாலும்
ஒரு தலைமுடியின் குறுக்கே
பத்தாயிரம் பேர் நெருக்கியடித்து நிற்கலாம்.

போன வாரம் வந்தது
ஒரு பெண்ணின் மார்பிலிருந்து மெல்லிய சீவல்.
பெயரில்லை, எண் மட்டும்: 4117.
பழைய சாயங்கள் என்றால்
பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துவிடும்.
புள்ளிகள் அப்படியில்லை.
எதிர்ப்புரதத்தின் கையைப் பிடித்துப் போய்க்
கெட்ட செல்லின் வாசலில் உட்கார்ந்தால்
உட்கார்ந்ததுதான்.
இரவெல்லாம் எரிந்தது அந்தச் சிவப்பு.
எத்தனை வாசல்கள் என்று எண்ணி
மருத்துவமனைக்கு எழுதி அனுப்பினாள்.

"அப்படியானால் உடம்புக்குள்ளேயே விட வேண்டியதுதானே?"
என்று கேட்டான் ரதோவான்,
அவள் கணவன், டிராம் ஓட்டுகிறவன்.
உருளைக்கிழங்கை நறுக்கியபடியே சொன்னாள்
பன்னிரண்டாம் எண் சுண்டெலியின் கதையை.

கட்டியைக் கண்டுபிடித்தது வெளிச்சம்.
கதிர் பாய்ச்சினார்கள், கட்டி கருகியது.
எல்லோரும் கைகுலுக்கினார்கள்.
ஒன்றரை வருடம் கழித்து, வேறெதற்கோ
ஈரலை அறுத்துப் பார்த்தபோது
புள்ளிகள் அங்கேயே இருந்தன,
வாடகை தராத குடித்தனக்காரர்கள்,
வயிற்றில் விஷ உலோகத்தோடு, அதே சிவப்பில்.
சாகத் தெரியாத செல்லைத் தேடிப்போனது
போகத் தெரியாத வெளிச்சம்.

ரதோவான் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.
"கடைசி நிறுத்தத்திலும் இறங்காத பயணி,
எனக்குத் தெரியும் அந்த ஆளை" என்றான்.

இதை எழுதுகிற என் மொழியில்
மெய் என்றால் உடம்பு. எழுத்தும்கூட.
தனியே நிற்கிற மெய்யின் தலைமேல்
புள்ளி இருக்கும்.
உயிர் வந்து சேர்ந்ததும்
புள்ளி போய்விடும்.
போஹ்தானாவுக்கு இது தெரியாது.
தெரிந்தவள் போலத்தான் உழைத்தாள்.

காட்மியத்தைப் பூட்டி வைத்தாள்.
எலுமிச்சைப் புளிப்பின் அமிலம் ஒரு கரண்டி,
வயலுக்குப் போடுகிற யூரியா ஒரு கரண்டி,
தண்ணீர், மூடிய எஃகுப் பாத்திரம், இருநூறு டிகிரி.
முதல் முறை கரி.
இரண்டாம் முறை கரி, பாத்திரமும் வீண்.
ஒன்பதாம் முறையும் கரிதான், ஆனால்
ஊதாக்கதிரில் பச்சையாக விழித்துப் பார்த்தது.

நாற்பத்தோராம் எண் எலிக்கு
ஊசி போட்ட மறுநாள்
கட்டியில் தேடினாள். இருந்தது, மங்கலாக.
எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை.
ஈரலில் தேடினாள். இருட்டு.
சலிப்போடு, கைவிளக்கை அணைக்க மறந்து,
கூண்டை நகர்த்தியபோதுதான் பார்த்தாள்.

மூலையில் நனைந்த மரத்தூள் ஒளிர்ந்தது.
மூத்திரம்.
பக்கத்துக் கூண்டிலும் மூத்திரம் மினுங்கும்,
எந்த எலிக்கும் உண்டு அந்த வெளிறிய நீலம்.
இது பச்சை. குப்பியிலிருந்த அதே பச்சை.
இரண்டு கூண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.
யூரியாவில் பிறந்தது
யூரியாவோடு வெளியே வந்திருக்கிறது.

ஐம்பத்து மூன்று வயதில்
எலி மூத்திரத்தின் முன்னால் மண்டியிட்டு
வாய்விட்டுச் சிரித்தாள் போஹ்தானா.
ஒரு சிட்டிகைத் தூளை எடுத்துக்
குழாயில் அடைத்துத் தேதி எழுதினாள்.
ரதோவானுக்கு அழைத்தாள். வண்டியில் இருப்பான், எடுக்கவில்லை.
ஒரு சொல் மட்டும் அனுப்பினாள்:
இறங்கிவிட்டார்கள்.

பிறகு பாத்திரத்தைத் தேய்க்க உட்கார்ந்தாள்.
கட்டியில் ஏன் அவ்வளவு மங்கல்
என்பதை நாளைக்குத்தான் யோசிக்க வேண்டும்.
4117 எப்படி இருக்கிறாள் என்று
அவளிடம் யாரும் சொல்லவில்லை.