சாய்ந்த காம்பு

டிசம்பரில் புந்தா அரேனாஸில்
இரவு பத்தரைக்கும் வெளிச்சம் மிச்சமிருக்கும்.
என் அறையில் மட்டும் எப்போதும் நள்ளிரவு.
இரண்டு திரைகள், ஆறிப்போன மாத்தே,
ஜன்னலை உலுக்கிப் பார்க்கும் காற்று.

திரையில் எதுவினா பார்ரியா, நாற்பத்தொரு வயது.
பொர்வெனிரிலிருந்து நீரிணை கடந்து வந்தவள்.
ஆயிரத்து இருநூறு ஆடுகளுக்கும்
மூன்று குதிரைகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவள்.
எட்டு மாதமாகத் தலைவலி, பெரும்பாலும் மாலையில்.

மூக்கின் வேருக்குப் பின்னே
மண்டையோட்டின் தரை ஓரிடத்தில் குழிந்து
சேணமாகியிருக்கிறது.
துருக்கிச் சேணம் என்று பெயர் வைத்தவர்
குதிரை அறிந்தவராக இருக்க வேண்டும்.
அதில் ஏறி அமர்ந்திருப்பது ஒரு கொண்டைக்கடலை.
வளர்வதும், பால் சுரப்பதும், தாகத்தின் கணக்கும்
அதன் உத்தரவில்.

இவளுக்குக் கடலை அமரவில்லை.
அடித்தரையில் பிறைபோல் ஒட்டிப் படுத்திருக்கிறது.
மேலே மிச்ச இடமெல்லாம்
மூளையின் தண்ணீர்.

போன மாதம் வேறோர் ஊரில் இதே படத்தைப் பார்த்தவர்
இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்:
சேணம் காலி.
எங்கள் மொழியில் சேணத்துக்கும் நாற்காலிக்கும்
ஒரே சொல்.
மதியம் குழாய்க்குள் போகும் முன்
காதடைப்பானைக் கையில் உருட்டியபடி கேட்டாள்:
"டாக்டர், என் தலைக்குள் உட்கார்ந்திருந்தது யார்?
எப்போது எழுந்து போனார்?"

இருபத்திரண்டு வருடமாக
இந்தப் புளியங்கொட்டை அகலத்தைத்தான் பார்க்கிறேன்.
பதினேழு வயதுக்காரி ஒருத்திக்கு
கடலை உப்பி, கூரையை முதுகால் முட்டிக்கொண்டிருந்தது.
அந்த வயதுக்கு அது சரிதான்.
ஒரு மீனவருக்கு,
இரு கரையில் ஓட வேண்டிய இரண்டு தமனிகள்
நடுவில் நெருங்கிக் கிட்டத்தட்ட முத்தமிட்டன.
கத்தி எடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்,
அவருக்குத் தெரிந்து ஆவதென்ன?
இன்னொருவருக்குப் பின்மடலின் வெள்ளைப் பொட்டையே காணோம்.
கடலில் கலங்கரை விளக்கைத் தேடுவதுபோல்
ஒரு மணி நேரம் தேடினேன்.
அவரோ எல்லோரையும்போலத் தண்ணீர் குடித்துக்கொண்டு
வரவேற்பறையில் காத்திருந்தார்.

எதுவினாவுக்குக் காம்பும் நேராக இல்லை.
இறங்கும்போதே இடப்பக்கம் ஒரு சாய்வு.
(படத்தில் அது வலம்.
படம் எப்போதும் எதிரே நிற்கும் ஆள்.)
வெளியே சாலை நெடுக லெங்கா மரங்கள்
கிழக்கே தலை சாய்த்து நிற்கின்றன.
யாரும் அவற்றுக்கு மருந்து தேடுவதில்லை.
ஆனால் அந்த உவமை இங்கே செல்லாது.
மண்டைக்குள் காற்று கிடையாது.
காம்பு சும்மாவே சாயும்.

புது இயந்திரம் வந்த நாளில்
சோதனைக்கு யாராவது படுக்க வேண்டியிருந்தது. நான் படுத்தேன்.
என் காம்பும் சாய்வுதான்.
மடல்களுக்கிடையே இரண்டு மில்லிமீட்டரில் ஒரு நீர்ப்பை வேறு.
பெயரை அழித்துவிட்டுப் படத்தை வைத்திருக்கிறேன்,
பயம் வரும்போது திறக்க.
திறந்தால் பயம் போகிறது என்று சொல்ல மாட்டேன்.

எழுதுகிறேன்:
கட்டி இல்லை. பார்வை நரம்பை எதுவும் தொடவில்லை.
ரத்தத்தில் ஹார்மோன்கள் அளவோடு.
கண் மருத்துவர் ஒருமுறை
விழியின் பின்சுவரைப் பார்த்துவிடட்டும்.
'நோய்' என்று தொடங்கி அழித்தேன்.
'குறை'யையும் அழித்தேன்.
துடிக்கும் குச்சியின் முன் பதினொரு நிமிடம்.
கடைசியில்: இயல்பின் இன்னொரு வடிவம்.

காலையில் தொலைபேசியில் அவளே.
பின்னணியில் படகின் சங்கு.
"அப்படியானால் வலிப்பது எது?"
"தெரியவில்லை. இந்த இடமில்லை."
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
பிறகு, மடித்த சேணம் என்றேன், நாற்காலி அல்ல,
உள்ளே ஆள் இருக்கிறார், படுத்திருக்கிறார் என்றேன்.
"சேணமா?" என்றாள்.
"என் கிழட்டுப் பெட்டைக்குப் போடுவதும்
நடுவில் அமுங்கித்தான் கிடக்கிறது.
நாற்காலி என்றல்லவா நினைத்தேன்."

வைத்துவிட்டாள்.
தலைவலி பற்றி மறுபடி கேட்கவில்லை.
நான்தான் அதை எழுதி வைத்திருக்கிறேன்,
மாத்தே கறை படிந்த தாளின் ஓரத்தில்:
மாலையில். எட்டு மாதம். வேறெங்கோ.