முப்பது மில்லிமீட்டர்

அச்சிலிருந்து ஒவ்வொரு சக்கரமும்
முப்பது மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்க வேண்டும்.
அவ்வளவுதான் கேட்கிறேன் இந்தச் சுசூகியிடம்.

போன மே மாதம், அண்டர்பர்க் தாண்டி ஒரு சரிவில்
அவசரமே இல்லாமல்
தூக்கம் வந்த மாடு போல
பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.
எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு.
மோகாம்பரிக்கு இடது காறை எலும்பு.
இப்போது அங்கே ஒரு தகடு, ஆறு திருகு.
அதற்கப்புறம் அவள் இதன் கதவைத் தொடவில்லை.
நம்ம வண்டி என்றிருந்தது
உன் வண்டி ஆகிவிட்டது.

கடையில் கிடைக்கும்.
விலை கேட்டேன், நாலு இலக்கத்தில் சொன்னான்.
அது காரணமில்லை.
வாங்கிப் பூட்டிவிட்டால் அது என்ன பரிகாரம்?

டோங்காட்டில், ஆலைக் கழிவுக் குவியலில்
ஓர் அலுமினிய உருளை, சின்னத் தோசை அகலம்.
முனையில் 6082 என்று அடித்திருந்தது.
எண் இல்லாத உலோகத்தை நம்பி
யாரையும் உட்கார வைக்க மாட்டேன், இனிமேல்.

பெக்கிசிசாவின் கராஜில் லேத் உண்டு.
"கூலி வேண்டாம், உன் பழைய ரேடியேட்டரைக் கொடு.
பேரிங் சீக்கிரம் தேயும், தெரியுமில்லையா?"
தெரியும்.
"விற்கப் போனால் சோதனையில் தேறாது."
விற்பதாக இல்லை.

நாலு துண்டாக அறுத்தோம்.
சுருள் சுருளாக விழுந்ததை அவன் நாய் கவ்வப் போய்
உதட்டைக் கிழித்துக்கொண்டது.
மூன்றாவது வட்டு பாதியில் மின்வெட்டு,
அட்டவணையில் இல்லாத இரண்டரை மணி நேரம்.
உளி நின்ற இடத்தில் மயிரிழைக் கோடு ஒன்று
பிறகு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.
அந்த வட்டு என் பக்கம் என்று
அப்போதே முடிவு செய்தேன்.

துளையில்தான் மாட்டிக்கொண்டேன்.
அட்டையில் வட்டம் போட்டு, நூல் பிடித்து,
எதிரெதிரே அளந்து அளந்து பார்க்கிறேன்.
மூன்று போல்ட் நுழைகிறது. நாலாவது முனகுகிறது.
ஐந்தாவதுக்கு வழியே இல்லை.

பரீட்சைத் தாள்களோடு வாசலைக் கடந்தவள் நின்றாள்.
பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள்.
"ஐந்துக்கு எதிர் கிடையாது.
நாலு, ஆறு என்றால் நேர் எதிரே ஒன்று இருக்கும்.
இதில் பக்கத்தில் இருப்பதைத்தான் அளக்கணும்.
வந்ததை ஒன்று புள்ளி ஏழு பூஜ்யம் ஒன்றால் பெருக்கு."
போய்விட்டாள்.
பதினான்கு மாதத்தில்
வண்டி பற்றி அவள் பேசிய
முதல் வார்த்தைகள்.

எண்பத்திரண்டும் சொச்சமும்.
பெருக்கினேன். துளைத்தேன்.
ஐந்தும் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தன.

சனிக்கிழமை காலை பூட்டினேன்.
டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும்வரை,
சொன்ன பிறகும் ஒரு தடவை.
வெளியே வந்து சுற்றிப் பார்த்தாள்.
"கால் அகட்டி நிற்கிற மாதிரி இருக்கு."
அப்படித்தான் வேணும் என்றேன்.
"மறுபடி எப்போ இறுக்கணும்?"
"ஐம்பது கிலோமீட்டரில்."
"அது எங்கே வரும்?"
"பைன்டவுன் பக்கம்."
"அதுவரைக்கும்தான்" என்று
கதவைத் திறந்தாள்.
சீட் பெல்ட் சரியாக அந்த எலும்பின் மேல் ஏறுகிறது.
வழி முழுக்க அதை
விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள்.
நான் அறுபதைத் தாண்டவில்லை.
லாரிக்காரர்கள் எல்லோரும் திட்டினார்கள்.

பைன்டவுன் பெட்ரோல் பங்க்.
வெளியே இருபது நட்டு, கெட்டியாக இருந்தன.
உள்ளே இருபது.
சக்கரத்தைக் கழற்றினால்தான் அவை கண்ணுக்குத் தெரியும்.
ஜாக்கி போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
பத்தொன்பது அசையவில்லை.
முன் இடது, அவள் பக்கம், ஒன்று மட்டும்
கால் சுற்று திரும்பியது.
மறைக்க நினைத்தேன்.
அவள் டயர் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எனக்குப் போட்ட ஆறையும்
யாரும் இப்படி நிறுத்திப் பார்க்கவில்லை" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை.
ரெஞ்சை அவளிடம் நீட்டினேன்.
வலது கையால் வாங்கி, சாய்ந்து, அழுத்தினாள்.
டிக்.
"அடுத்த ஐம்பது எங்கே?"