தலைப்பில் இடமில்லாத சொல்

விஞ்ஞானி சொன்னது "உருகக்கூடும்".
இரண்டு பத்தித் தலைப்பில் அடங்காமல்
"உருகும்" ஆனது.
மாலைக்குள் இணையத்தில் "உருகியது!"

நான் அனுப்பியதோ
வீரநகரில் கடல் புகுந்த அடுப்படி:
பிலோமினாவின் பாதிச் சுவர்,
வாய்வரை மணல் நிறைந்த சோற்றுப்பானை.
"இதில பனி எங்க தம்பி?"
கொழும்பிலிருந்து கேட்டார்கள்.

ஏழாம் பக்கத்தில் வந்தது
அதே வெள்ளைக் கரடி, அதே பனித்துண்டு.
ஆறு வருசமாய் அது
விழவுமில்லை, கரையேறவுமில்லை.
கீழே பொடி எழுத்தில்:
திருகோணமலை நிருபர்.

பேப்பரோடு போனேன், வெட்கத்தோடும்.
நெடுநேரம் பார்த்தாள்.
"பாவம், இதுக்கும் காணி உறுதி இல்லைப்போல."

பிறகு சுவரைக் காட்டினாள்.
தண்ணி ஏறிய உயரமெல்லாம் கரிக்கோடாய்:
ஐப்பசி, கார்த்திகை, மார்கழி.
தைக்கோடு மட்டும்
மார்கழிக்கு நாலு விரல் கீழே.

அதை விட்டுவிட்டுப் படமெடுக்கக்
குனிந்தேன்.
கமராவைக் கையால் மறித்தாள்:
"குறைஞ்சதையும் போடு.
இல்லாட்டி
கூடினதை ஆரு நம்புவா?"