கண்ணுக்குக் கண் நூற்றுத் தொண்ணூறு

சட்டத்தை ஹிலால் சும்மாதான் கொடுத்தான்.
அதன் பின் ஷாக் எப்போதோ பழுது பார்க்கப் போய்
போன இடத்திலேயே தங்கிவிட்டதாம்.
பல் விழுந்த வாய் மாதிரி நடுவில் ஓர் இடம்.
"இருநூறு, ஐம்பத்தேழு. வேறெதையும் மாட்டாதே" என்றான்.

எனக்குக் கிடைத்தது நூற்றுத் தொண்ணூறு, ஐம்பத்தொன்று.
ரூவியில், போன் உறை விற்கிற கடையில்,
பன்னிரண்டு ரியாலுக்கு.
யாரோ தொண்ணூறு கிலோ ஆள் மிதித்து அலுத்தது.

ஊசிக்குக் காது வைத்த மொழி
ஷாக்குக்கு இரண்டு முனையிலும் கண் வைப்பதில்
எனக்கு ஆட்சேபம் இல்லை.
இந்தக் கண்ணிலிருந்து அந்தக் கண்ணுக்குப்
பத்து மில்லி குறைகிறது.

"பத்துத்தானே, விடும்" என்கிறார் ரெஜினோல்ட்,
மன்னார்க்காரர், மேல் கட்டிலில் படுத்தபடி.

பத்து இல்லை அண்ணே.
நடுவில் நெம்புகோல் இருக்கிறது.
இங்கே ஒன்று என்றால் சக்கரத்தில் இரண்டரை.
பின்பக்கம் குந்தும், ஹேண்டில் சாயும்,
பெடல் தரையைத் தேடிப் போகும்.

லிஃப்ட் மெக்கானிக் நான்.
குழியின் அடியில் நிற்கிற பஃபரை
வருடத்துக்கு இரண்டு முறை துடைத்து, எண்ணெய் பார்த்து,
கையெழுத்துப் போடுகிறேன்.
அது ஒருநாளும் வேலை செய்துவிடக் கூடாது
என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
இது வேறு ரகம். ஒவ்வொரு கல்லுக்கும் வேலை.

குட்டையானது குறைவாகத்தான் அமுங்கும் என்று நினைத்திருந்தேன்.
சுவரில் பென்சிலால் கழித்துப் பார்த்தேன்.
பழையது முழுசாய் அமுங்கினால் நூற்று நாற்பத்து மூன்று.
இது நூற்று முப்பத்தொன்பது.
குட்டைதான் ஆழம் போகிறது.
இதை மனிதர்களைப் பற்றிய வாக்கியம் ஆக்க வேண்டாம்.
டயர் போய் சீட் குழாயில் இடிக்கும், அவ்வளவுதான்.

காற்று முழுவதையும் இறக்கினேன்.
டயரில் சுண்ணக்கட்டி தேய்த்தேன்.
என் ஐம்பத்தெட்டு கிலோ போதாது,
ரெஜினோல்ட்டை இறங்கி வந்து ஏறச் சொன்னேன்.
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.
ஏசி இரைச்சலுக்குள் ஒரு முனகல்,
அவருடையதா ஷாக்கினுடையதா தெரியவில்லை.
சீட் குழாயில் வெள்ளையாய் ஒற்றை நாமம்.

வாதி கபீரில் சுகதனின் லேத்.
நாலு மில்லி நைலான் வளையம் கேட்டேன்,
உள்ளே தண்டில் மாட்ட, அதற்கு மேல் அமுங்காதிருக்க.
"அஞ்சு வெச்சுக்கோ. டயர் கல்லையும் தூக்கிட்டு வரும்."
கண்ணுக்குள் போட இரண்டு புஷ்ஷும் கடைந்தார்,
ஏதோ கதவின் மிச்ச அலுமினியத்தில்.
ஒரு ரியால் வாங்கிக்கொண்டார்.
சும்மா செய்தால் அளவு தப்பும் என்பது அவர் கொள்கை.

நாமத்தைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறினார் ரெஜினோல்ட்.
நாமம் விழவில்லை. இடையில் தீக்குச்சி நுழைந்தது,
கொஞ்சம் சிணுங்கிக்கொண்டு.

தொண்ணூறு கிலோக்காரனின் காற்றை
எனக்கு எவ்வளவு என்று தெரியாமல்
மூன்று நாள் ஏற்றி இறக்கினேன்.
இரும்பு நீளத்தை மாற்ற அடம்பிடிக்கிறது.
காற்றுதான் யார் கேட்டாலும் சரி என்கிறது.

வெள்ளிக்கிழமை விடியுமுன் அமராத் மலை.
ஏற்றத்தில் முன்சக்கரம் முடிவெடுக்காமல் அலைந்தது.
இறக்கத்தில்
துரு நிறக் கற்கள் ஒவ்வொன்றாய் வந்து
இடுப்பு வரை வராமல் திரும்பிப் போயின.
நாற்பது வயதில் முதல் முறையாக
வாயைத் திறந்து கத்தினேன், வார்த்தை ஏதும் இல்லை.

அப்புறம் இடது பெடல் ஒரு பாறையில்.
பதினாறு மில்லி இறங்கியிருக்கும் என்று
சுவரில் நானே எழுதி வைத்த பதினாறு.
முட்டி கிழிந்தது. ஆடு ஒன்று பார்த்துவிட்டு
பழையபடி முட்செடிக்குத் திரும்பியது.
விழுந்த இடத்திலிருந்தே ஷாக்கைத் தொட்டுப் பார்த்தேன்,
சுடச்சுட இருந்தது, ஒழுகவில்லை.

கிராங்க் நூற்று எழுபத்தைந்து.
நூற்று அறுபத்தைந்தில் பழசு இருக்கிறதா என்று
ஹிலாலுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.
"என்ன போட்டே?" என்று மட்டும் பதில்.