வெட்டிய ஓரங்கள்

இருபது வருஷமாய் நான்
கடலைத் துடைத்துவிட்டுத்தான் படம் எடுத்தேன்.
உப்புவெளியில் சோடியை நிறுத்துமுன்
ஒற்றைச் செருப்பு, யோகட் கோப்பை, கிழிந்த தங்கூசி வலை
எல்லாவற்றையும் காலால் ஒதுக்கி
"இப்ப சிரியுங்கோ" என்பேன்.
ஒதுக்க ஏலாததைப் பிறகு கணினியில் வெட்டுவேன்.

போன மாதம் ஒருத்தி வந்தாள், யாழரசி,
கரை எவ்வளவு போனதென்று அளக்கிறாளாம்.
"பழைய படங்கள் இருக்குமோ அண்ணை?"
"கலியாணப் படந்தான் தங்கச்சி.
சுனாமிக்கு முந்தினதை அலையே எடுத்துக்கொண்டு போட்டுது."
"பரவாயில்லை. ஆக்களை விட்டுட்டு
மிச்சத்தைக் காட்டுங்கோ."

ஆக்களை விட்டுவிட்டு.
ஸ்டூடியோவில் இதுவரை யாரும் கேட்காத அளவு.

வெட்டாத மூலப்படங்களை
இரவிரவாய்த் திறந்தோம்.
ரிஸ்வானாவின் தோளுக்குப் பின்னால்
தாழம்புதர், அதற்கப்பால் மணல்,
இன்னும் மணல்,
எங்கோ ஒரு கோடாய்த்தான் அலை.
பகீரதன் முழந்தாளிட்ட நாளில்
தாழையின் வேர்கள் வெளியே
காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.
பிறகு ஹோட்டல் மதில்.
பிறகு மதிலைக் காக்கக் கருங்கல்.
கல் முடிகிற இடத்திலிருந்து கரை
கடித்துவிட்டு வைத்த அப்பம்.

ஒரு டிப்பர்
பதினாலு கலியாணங்களில் நிற்கிறது,
கூறைச் சரிகைக்கும் வானத்துக்கும் நடுவில்.
பதினாலு தடவையும் நான் அழித்த டிப்பர்.
இலக்கத் தகட்டைக்கூட வாசிக்கலாம்.

"இந்த அக்கா எவ்வளவு உயரம்?" என்றாள் யாழரசி.
நிலாவெளிக்குப் போன் போட்டேன்.
"கலியாணம் முடிஞ்சு இவ்வளவு காலத்துக்குப் பிறகு
என்ர உயரம் என்னத்துக்கு அண்ணை?"
சிரித்தாள் ரிஸ்வானா. ஐந்தடி இரண்டங்குலம்.
அவளை அடிமட்டமாய் வைத்து
திரையில் கோடு கோடாய் இழுத்தாள் இவள்.
பதினேழு மீற்றர்.
பெண்ணின் பாதத்தில் மருதோன்றி
அப்போதும் காயாமல் இருந்தது.

அதே இடத்தில் இன்னொன்று எடுக்கச் சொன்னாள்.
அதே இடம் இப்போது தண்ணீருக்குள்.
முக்காலியின் கால்கள் முழங்காலளவு நனைய
விடியலில் நின்றேன்.
நிறுத்துவதற்கு யாரும் இல்லை,
சிரியுங்கோ என்று சொல்ல ஒரு முகமில்லை.

ஓரத்தில் ஒரு யோகட் கோப்பை மிதந்து வந்தது.
பழக்கத்தில் கால் நீண்டது.
அலை முந்திக்கொண்டு
அதைப் படத்தின் நடுவுக்கே
கொண்டுவந்து வைத்தது.

வெளிச்சம் நல்லாத்தான் இருந்தது.